ஒரு ஜோடி மெழுகு மார்பு

கோரெகோ சேகோ
19 ஆகஸ்ட் 2019

அப்படியென்றால் நீ உயிரோடுதான் இருக்கிறாய், ஜுசாரா. ஆறு வருஷம் கழித்து நாலு வரி வந்திருக்கிறது. ஒரு வரி முகவரி, ஒரு வரி கையெழுத்து. மிச்ச இரண்டு வரியில், 2008இல் உனக்கு மார்பில் சிலிக்கான் வைத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டை என்னிடம் இருக்கிறதா, இருந்தால் உடனே அனுப்பவும் என்று கேட்டிருக்கிறாய். கரண்ட் பில்லில்கூட இதைவிடப் பாசம் அதிகம். "ஆசி தாங்க சித்தி" என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லையா? உன் அம்மா அல்சீரா போனபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து தினமும் காலையில் என் கையைத் தொட்டு ஆசி கேட்டுவிட்டுத்தான் காபிக் கோப்பையைத் தூக்குவாய். சரி, கேட்காவிட்டாலும் தருகிறேன், வாங்கிக்கொள்.

நான் கோபமாக இல்லை. தினமும் விடிந்ததும் பூவோடு மாதா படம் போட்டுப் போனில் உனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறேன். ஒரு குறிதான் விழும், இரண்டாவது குறி விழாது. ஊரில் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் எழுத்தரின் மகள் போனை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அவங்க போன்ல உங்க எண்ண அடைச்சு வெச்சிருக்காங்க தோனா சுல்மீரா. நீங்க ஆயிரம் அனுப்பினாலும் போகாது." போகாவிட்டால் என்ன, அனுப்புவது என் வேலை. ஜெபமும் அப்படித்தானே.

இங்கே மழை இல்லை. சோளம் முழங்காலுக்கு மேல் வரவில்லை. கோழிக்கு ஏதோ சீக்கு, ஏழு போய்விட்டது. எனக்கு ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது, உனக்கு ஞாபகம் இருக்காது.

அட்டையைத் தேடிப் பார்க்கிறேன். பதினொரு வருஷத்துச் சாமான், எந்த டப்பாவுக்குள் எது இருக்கிறதோ. எதற்குக் கேட்கிறாய் என்று மட்டும் எழுது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
சித்தி சுல்மீரா

*

பெலோ ஒரிசோந்தே
29 ஆகஸ்ட் 2019

சித்திக்கு,

உடம்புக்குத்தான். இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

ஜூன் மாதம் இடது பக்கம் வீங்க ஆரம்பித்தது. வலி இல்லை. மூன்று வாரத்தில் வலதைவிட ஒன்றரை மடங்காகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களுக்கு உள்ளாடை அளவு எடுத்துக் கொடுக்கிற நான், எனக்கு அளவு இல்லாமல் தளர்ந்த சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் வில்மா என்று ஒருவர். ஊசி போட்டு நீர் எடுத்தார். உள்ளே வைத்த சிலிக்கான் பைக்கும் சதைக்கும் நடுவில் நீர் சேர்ந்திருக்கிறது. அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள இருக்கிறது என்ன வகைம்மா?"

எனக்குத் தெரியவில்லை. சிலிக்கான் என்றேன். "சிலிக்கான்னா? அது மாவுன்னு சொல்ற மாதிரி. ரொட்டியா, களியா, கேக்கா?" என்றார்.

உங்களுக்கும் புரியட்டும் என்று எழுதுகிறேன். உறை எப்போதும் சிலிக்கான்தான். உள்ளே உப்புத் தண்ணீர் ஊற்றியது உண்டு, ஜெல் அடைத்தது உண்டு. வடிவத்தில் உருண்டை உண்டு, கண்ணீர்த் துளி மாதிரி கீழே கனத்ததும் உண்டு. ஆனால் டாக்டருக்கு வேண்டியது மேல்தோல். வழவழப்பாக ஒன்று, மேலே பஞ்சு நுரை போர்த்தியது ஒன்று, சொரசொரப்பாக ஒன்று. அந்தச் சொரசொரப்பிலும் கம்பெனிக்கு ஒரு விதம். அதில் ஒரு விதத்தைப் போன மாதம் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பையைச் சுற்றி உடம்பு தானாக ஒரு தழும்புக் கூடு கட்டுமாம். அந்தக் கூட்டில் சிலருக்கு, மிகச் சிலருக்குத்தான், ஒரு புற்று வருகிறது. மார்புப் புற்று இல்லை, அது வேறு. வந்தால் முதலில் இப்படித்தான் வீங்குமாம்.

இங்கே செய்த சோதனையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. தெளிவாகச் சொல்கிற சோதனையை சாவ் பாவுலோவில்தான் செய்கிறார்கள். அதற்கான படிவத்தில் வகையும் எண்ணும் எழுதி அட்டையின் நகல் வைத்தால் உடனே எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பொதுவரிசை. எனக்கு அறுவை செய்த டாக்டர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவருடைய கிளினிக் இருந்த இடத்தில் இப்போது நாய்களுக்கு முடி வெட்டிவிடுகிறார்கள். பழைய கோப்புகள் எங்கே என்றால் ரிப்பன் கட்டிய நாயைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் ஒரு பெண்.

அட்டை அலமாரி இழுப்பறையில் இருந்தது. பத்து நாள் என்னோடு தங்கிக் கோழிச் சாறு வைத்துக் கொடுத்தது நீங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து காலி டப்பாவைக்கூட விடாமல் எடுத்துப் போனீர்கள், நர்சுகள் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அட்டை உங்களிடம் இருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

பழையதை நான் பேச வரவில்லை. ஆனால் நீங்கள் மறந்த மாதிரி எழுதியிருப்பதால் சொல்கிறேன். மலைக்கோயில் நேர்த்திக்கடன் கூடத்தில் மெழுகில் ஒரு ஜோடி மார்பு வாங்கித் தொங்கவிட்டு, அதற்குக் கீழே என் போட்டோவையும் பெயரையும் மாட்டி வைத்தீர்கள். ஐந்து வருஷம் அது அங்கே தொங்கியது. யாத்திரை போன எவால்டோவின் அம்மா அதைப் பார்த்துவிட்டு வந்து, என்ன ஏதென்று விசாரித்து, எங்கள் நிச்சயதார்த்தத்தை முறித்தார். "என் மவன் பிளாஸ்டிக்கக் கட்டிக்க வேணாம்" என்று சந்தையில் நின்று சொன்னார். அந்த வார்த்தைக்கு அப்புறம் நான் ஊருக்கு வரவில்லை.

அட்டையை அனுப்புங்கள்.

ஜுசாரா

*

கோரெகோ சேகோ
7 செப்டம்பர் 2019

ஜுசாரா கண்ணு,

மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன், என்னால் பொய் சொல்ல முடியாமல் போகட்டும் என்று.

தேடுகிறேன் என்று எழுதினேனே, தேடவில்லை. எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு உன்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தன் மகளுக்காக வந்தவள். அவள் சும்மா இருக்க மாட்டாமல், "போன மாசம் இங்க ஒரு பொண்ணு மயக்கத்துலேர்ந்து எந்திரிக்கவே இல்லையாம்" என்றாள். உன் அம்மா என் கையில்தான் போனாள், நீயும் போனால் நான் யாருக்குக் கணக்குச் சொல்வேன்? அந்த இடத்திலேயே முழங்கால் போட்டு மலைக்கோயில் நல்ல இயேசுவுக்கு நேர்ந்துகொண்டேன். பிள்ளை கண் திறந்தால் மெழுகில் ஒரு ஜோடி, போட்டோ, பெயர், அத்தாட்சி, நாலும் கொண்டுவந்து வைக்கிறேன் என்று. அத்தாட்சி இல்லாமல் எப்படி? கால் உடைந்தவன் மாவுக்கட்டை வைக்கிறான், நெஞ்சு வலிக்காரன் எக்ஸ்ரேயை வைக்கிறான். உனக்கு என்ன இருந்தது? அந்த அட்டைதான் இருந்தது. இரண்டு சின்ன ஒட்டுத்தாள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று.

உன்னைக் கேட்டால் தர மாட்டாய் என்று கேட்காமல் எடுத்தேன். வெளியே தெரியும்படி வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதனால் போட்டோவின் முதுகில் வைத்து, மேலே அட்டைத்தாள் போட்டு, கஞ்சிப் பசையில் ஒட்டிவிட்டேன். ஆண்டவர் பார்த்தால் போதும் என்று.

போட்டோவை அத்தனை பேரும் பார்ப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை என்றால் நம்புவாயா? அங்கே பத்தாயிரம் போட்டோ இருக்கிறது. எவால்டோவின் அம்மா எர்மினாவின் கண் உன் மேல்தான் விழ வேண்டுமா? அவள் மகன் ஒன்றும் பெரிய ராஜா இல்லை. சரி, அதை விடு.

வரும் சனிக்கிழமை மலையில் திருவிழா. யாத்திரை பஸ்ஸில் எனக்கு இடம் சொல்லியாகிவிட்டது. போட்டோவை எடுத்து, ஈரத்துணி வைத்துப் பிரித்து, அட்டையை உனக்குப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். எதுவாக இருந்தாலும் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று ஒன்பது நாள் நவநாள் தொடங்கிவிட்டேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் உள்ளே போன பையை ஆண்டவர் இன்றைக்கு மாற்றுவாரா என்று கேட்காதே. அவருக்கு நேரம் என்பது கிடையாது.

சித்தி

*

பெலோ ஒரிசோந்தே
12 செப்டம்பர் 2019

சித்தி,

போகாதீர்கள். இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். உங்களுக்கு போன் செய்தேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் என்னால் இதைச் சொல்ல முடியாது.

எவால்டோவின் அம்மா சந்தையில் பேசிய அன்று மத்தியானமே நான் மலைக்குப் போனேன். போட்டோவை ஆணியோடு பிய்த்தேன். வாசலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற இரும்புத் தொட்டி இருக்கிறதே, அதில் போட்டேன். போட்டோ சீக்கிரம் சுருண்டுவிட்டது. முதுகு அட்டைதான் நேரம் எடுத்தது. கனமாக இருக்கிறதே என்று ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நானே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன், சித்தி.

ஜுசாரா

*

கோரெகோ சேகோ
16 செப்டம்பர் 2019

ஜுசாரா,

நான் மலையிலிருந்து திரும்பி வந்தபோது உன் கடிதம் கதவுக்கு அடியில் கிடந்தது. நான் அதற்குள் போய்விட்டு வந்துவிட்டேன்.

போட்டோவை நீ எரித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்லத்தான் இரண்டு பக்கம் எழுதினேன், பிறகு கிழித்து அடுப்பில் போட்டேன். நான் ஒட்டியிருக்காவிட்டால் அது இழுப்பறையிலேயே இருந்திருக்கும். நீ எரித்திருக்காவிட்டால் ஆணியிலேயே இருந்திருக்கும். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறோம். யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை.

கூடத்தில் மூன்று மணி நேரம் தேடினேன். ஏணி கேட்டேன், தரவில்லை. அங்கே பொறுப்பில் இருக்கிற தோனா இஸோல்டினாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஆனால் அவளுக்குப் பொறுமை கிடையாது. மெழுகு மார்பு எங்கே என்றேன். எந்த வருஷம் என்றாள். 2008 என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அரிசிக்குள் விழுந்த கல்லைப் பார்க்கிற மாதிரி.

"அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா உருக்கிடறோம்மா. கை, கால், தலை, மார்பு, எல்லாம் ஒரே அண்டா. மெழுகுவர்த்தியா ஊத்தி வெளியில விக்கிறோம். பின்ன எடம் வேணாமா?"

உன்னுடைய ஜோடி எப்போதோ வர்த்தியாகி எரிந்துவிட்டது. யார் வீட்டு நோயாளிக்காக எரிந்ததோ. நான் ஒரு வர்த்தி வாங்கி ஏற்றிவிட்டு நின்றேன். ஆனால் ஜெபம் வரவில்லை. ஐம்பது வருஷத்தில் இப்படி ஆனதில்லை. வாய் சொல்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. மழைக்காலத்து போன் மாதிரி.

பொதுவரிசை என்றால் எத்தனை நாள்? டாக்டர் வில்மாவிடம் நான் பேசட்டுமா? அந்தப் பைகளை நான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லட்டுமா? உன்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அந்த டாக்டர் தட்டில் வைத்துக் காட்டினார், ஜெல்லி மாதிரி ஆடியது. தொட்டுப் பார்க்க விடவில்லை. அன்றைக்கு நான் விரலை நீட்டியிருந்தால் இன்றைக்குத் தெரிந்திருக்கும்.

சித்தி

*

பெலோ ஒரிசோந்தே
20 அக்டோபர் 2019

சித்தி,

ஆசி தாருங்கள்.

பொதுவரிசையில் சோதனை முடிந்து பைகளை எடுப்பது டிசம்பர் முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். இதற்குள் இரண்டு முறை நீர் எடுத்தார்கள். எடுத்த நாலாம் நாள் மறுபடி நிறைந்துவிடுகிறது. அக்குளில் ஒரு பட்டாணி அளவுக்கு ஏதோ உருள்கிறது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

டாக்டர் வில்மா ஓய்வு பெறப் போகிறவர். நீர் எடுக்கும்போது நான் ஊசியைப் பார்க்காமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். போன தடவை இந்தப் பைகளின் கதை முழுவதையும் சொன்னார். உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஜெர்மனியில் ஒருத்திக்கு மார்பில் கட்டி எடுத்த பள்ளத்தை, அவள் இடுப்பிலிருந்த கொழுப்புக் கட்டியை வெட்டி வைத்து நிரப்பினாராம் ஒருவர். அது நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால். கொஞ்ச நாளிலேயே வியன்னாவில் இன்னொருவர் மெழுகை உருக்கி ஊசியில் ஏற்றினார். ஆமாம், மெழுகு. முதலில் அழகாகத்தான் இருந்ததாம். அப்புறம் கல்லானது, இடம் மாறியது, புண்ணானது. பிறகு யானைத் தந்தம், கண்ணாடி உருண்டை, ரப்பர். பிறகு பஞ்சு மாதிரி ஒரு பிளாஸ்டிக், அது உள்ளே போய்ச் சுருங்கி மரக்கட்டை ஆனது. போர் முடிந்து ஜப்பானில் சிலிக்கான் எண்ணெயையே ஊசியில் ஏற்றினார்கள், அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று. அதில் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்கு இல்லை.

அமெரிக்காவில் ஹூஸ்டனில் ஒரு டாக்டர், ரத்தம் அடைத்த பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துப் பார்த்தார். இதுவும் மார்பு மாதிரிதானே இருக்கிறது என்று தோன்றியதாம். முதலில் ஒரு நாய்க்கு வைத்தார்கள். அதன் பெயர் எஸ்மெரால்டா. அது தையலைக் கடித்துப் பிய்த்துவிட்டதால் எடுத்துவிட்டார்கள். பிறகு 1962இல் ஒரு பெண். அவள் இதற்காகப் போகவே இல்லை. மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்கப் போனாள். இதை வைத்துக்கொள்கிறாயா என்றார்கள். எனக்குக் காது விடைத்திருக்கிறது, அதைச் சரிசெய்தால் போதும் என்றாள். இரண்டையும் செய்கிறோம் என்றார்கள்.

"அவளுக்குக் காதுதான் வேணும்னு இருந்திச்சு. அதுக்கப்புறம் வந்த கோடிப் பேருக்கு இது வேணும்னு ஆயிருச்சு" என்றார் டாக்டர்.

சொரசொரப்பு ஏன் வந்தது தெரியுமா? வழவழப்பான பையைச் சுற்றிக் கூடு இறுகி மார்பு கல்லாகிக்கொண்டிருந்தது. தோல் சொரசொரப்பாக இருந்தால் கூடு அப்படி இறுகாது என்று, நல்லதற்காகவே செய்தார்கள்.

நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை, நான் ஏன் வைத்துக்கொண்டேன் என்று. ஊரில் எல்லோரும் எவால்டோவுக்காக என்றார்கள். அப்போது எவால்டோவை எனக்குத் தெரியவே தெரியாது. இருபத்தாறு வயதில் ஒருநாள் கடையில் புதுச் சரக்கைப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் நின்றது அம்மா. கடைசி மாதத்து அம்மா. அதே தோள் எலும்பு, அதே தட்டை நெஞ்சு, நீங்கள் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறபோது கதவிடுக்கில் நான் பார்த்த அதே உடம்பு. அதைத் திரும்பப் பார்க்க முடியாது என்றுதான் போனேன். பை வைத்த பிறகு பத்து வருஷம் கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஜுசாரா

*

கோரெகோ சேகோ
3 நவம்பர் 2019

கண்ணு,

ஆசி கேட்டாய், அதுவே எனக்குப் போதும். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், காக்கட்டும், காக்கட்டும். ஆறு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். உன் அம்மாவுக்குச் சாமந்தி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த நாய் வந்த இடத்தில் அவள் சிரித்திருப்பாள். கண்ணாடி வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அதை அவள் கேட்க வேண்டாம்.

கதவிடுக்கில் நீ நின்றது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் துணியைப் போட்டு மூடியிருப்பேன்.

நீ ஒன்று சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். இதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பலகைதான். என் கல்யாணத்துக்கு உன் அம்மா என் மேல்சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்தாள், இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவு. பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டபோது ஒன்று நழுவி வயிற்றுக்கு வந்துவிட்டது. உன் சித்தப்பா ஜோவினோ நல்ல மனுஷன். ராத்திரி அந்தப் பஞ்சை எடுத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டு, "இது என் அம்மாவுக்குத் தலகாணிக்கு ஆகும்" என்றார். செத்துப்போகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

அதனால் ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் உன் கட்டைப் பிரித்து நான் குளிப்பாட்டிவிட்டேனே, அப்போது மாதாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன் என்று ஊரில் சொன்னதெல்லாம் பொய். நான் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது, நம் வீட்டுப் பிள்ளைக்கு என்று நினைத்தேன். அந்தப் பெருமையில்தான் போட்டோவையும் மாட்டினேன் போலிருக்கிறது. நேர்த்திக்கடன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் நேர்த்திக்கடன், மிச்சம் பெருமை. ஆண்டவருக்கு எது எவ்வளவு என்று தெரியும்.

அக்குளில் உருள்கிறது கற்பனை இல்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டு. டிசம்பர் வரை வைத்திருக்காதே. கெஞ்சிக் கேள். நாமாக இருப்பதால் சொல்கிறேன், அழுதால்கூடத் தப்பில்லை.

சித்தி

*

பெலோ ஒரிசோந்தே
12 டிசம்பர் 2019

சித்தி, ஆசி தாருங்கள்.

மூன்றாம் தேதி எடுத்துவிட்டார்கள். இரண்டு பையும், இரண்டு கூடும். கையைத் தூக்க முடியாததால் சுருக்கமாக எழுதுகிறேன்.

சொரசொரப்புதான். டாக்டர் வில்மா ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். நான் விரலை நீட்டித் தொட்டேன். உங்களுக்காகவும் சேர்த்து. பூனையின் நாக்கு மாதிரி இருந்தது.

கூட்டில் இருந்தது அதுதான். அக்குள் முடிச்சிலும் இருக்கிறது. கூட்டோடு நின்றிருந்தால் எடுத்ததோடு முடிந்திருக்கும், பெரும்பாலானவர்களுக்கு முடிந்துவிடுகிறதாம். இப்போது ஜனவரியில் மருந்து ஏற்ற வேண்டும், ஆறு தடவை. செப்டம்பரில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "அதக் கேக்காத மகளே" என்றார்.

கண்ணாடியை மூடி வைத்திருக்கிறேன். அம்மா வந்துவிட்டார்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். காலையில் பூப் படம் அனுப்புங்கள்.

ஜுசாரா

*

கோரெகோ சேகோ
24 டிசம்பர் 2019

கண்ணு,

போனில் அழுதுவிடுகிறேன், அதனால் எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு இடம் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருவேன், தபாலில் போட்டால் எனக்கு அப்புறம்தான் வந்து சேரும். ஆறு தடவை மருந்து என்றால் ஆறு தடவையும் நான் அங்கேதான் இருப்பேன். தரையில் படுத்துக்கொள்வேன், எனக்குப் பழக்கம்தான். சோளமாவு மூன்று கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே விற்கிற மாவில் களி சரியாக வராது. ஒரு கோழி, வெட்டித்தான் கொண்டுவருவேன், உயிரோடு ஏற்ற மாட்டேன் என்கிறான் டிரைவர். முடி கொட்டும் என்கிறார்கள். கொட்டினால் நானும் வெட்டிக்கொள்கிறேன், எனக்கு எதற்கு இந்த நரை.

கண்ணாடியை மூடியது மூடியே இருக்கட்டும். நான் வந்து உட்கார்ந்து உனக்குத் தலை வாரிவிடுகிறேன். என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன். அல்சீராவை எனக்குத்தான் நன்றாகத் தெரியும். உனக்கும் அவளுக்கும் வித்தியாசம் எங்கே என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன்.

ஜெபம் திரும்பி வந்துவிட்டதா என்று கேட்பாய். பாதி வந்திருக்கிறது. சொல்கிறேன், யாரோ கேட்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. வழவழப்பாக இருக்கட்டும் என்று ஒன்பது நாள் கேட்டேனே, அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை நான். கோபித்துக்கொண்டாலும் எங்கே போவது.

கிறிஸ்துமஸ் குடில் மட்டும் வைத்துவிட்டேன். மாடு, ஆடு, மூன்று ராஜாக்கள், காது உடைந்த கழுதை. நீ சின்னதில் அந்தக் காதைக் கடித்தாய். பாலன் இயேசு மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறார். இன்று பூசை முடிந்துதான் அவரை எடுத்து வைக்க வேண்டும், அது வரைக்கும் வருஷம் முழுக்கத் தனியாகப் பெட்டியில்தான் தூங்குவார். முன்பெல்லாம் செய்தித்தாளில் சுற்றி வைப்பேன், ஒரு வருஷம் எலி கால் விரலைக் கடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் நல்ல கெட்டிப் பெட்டியாக ஒன்று கிடைத்தது. வெள்ளைப் பெட்டி. ஈரம் புகாது, எலி ஏறாது, மூடி டப்பென்று மூடும்.

ஜுசாரா.

அந்தப் பெட்டி உன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. உன் பைகள் வந்த பெட்டி அது. குப்பையில் போடப் போன நர்சிடம் கேட்டு வாங்கினேன், அவள்தான் சிரித்தாள். அடியில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது, அட்டையில் இருந்த அதே மாதிரி, எண்ணும் எழுத்துமாக. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் அதன் மேல்தான் பதினொரு வருஷமாக வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்திருக்கிறேன்.